வடக்கு மலை மருமகள்

இல்லைங்க, இந்தப் பழைய தழும்பு பூனை கீறினது இல்ல. கழுகு. ஆமா, கழுகுதான், வானத்துல பறக்குமே அதுதான். இது குஞ்சு. குஞ்சுன்னா கைக்குள்ள அடங்கறது இல்ல, வளந்த சேவல் அளவுக்கு இருக்கும். ரத்தம் எடுக்கறப்ப காலை ஒழுங்கா பிடிக்காம விட்டுட்டேன், மணிக்கட்டுல நகத்தை இறக்கிடுச்சு. தையல் போட்ட டாக்டர் நம்பவே இல்ல. தனியா கூப்பிட்டு, வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மான்னு கேட்டாரு. எனக்குக் கல்யாணமே ஆகலைங்கன்னு சொன்னேன். அதுக்கப்புறம் இன்னும் சந்தேகமா பாத்தாரு.

பையை இந்தப் பக்கம் வைங்க, இந்த நாற்காலிக்கு யாரும் வர மாட்டாங்க. உங்க வீட்டுக்காரருக்குப் பித்தப்பைக் கல்லுதானே, பயப்படாதீங்க. உள்ள இருக்கற நேரத்துல பாதி மயக்கம் தெளியறதுக்குத்தான் போகும். எனக்கா, எனக்கு ஒண்ணும் இல்ல. ஒரு சின்ன வேலை. ரூம் காலியானதும் கூப்பிடறேன்னு அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு சொல்லியிருக்கு. அதுவரைக்கும் இந்த ஊமை டிவியைப் பாத்துக்கிட்டு உக்கார வேண்டியதுதான். நீங்க வந்தது நல்லதாப் போச்சு.

என்னை விட ஒண்ணு ரெண்டு வயசு பெரியவங்களா இருப்பீங்க போல. அக்கான்னு கூப்பிடத்தான் தோணும். ஆனா எனக்கு அந்த வார்த்தை இப்ப வாயில சரியா வரதில்ல, தப்பா நெனச்சுக்காதீங்க.

காரணமா. காரணம் அந்தக் கழுகுதான்னு வெச்சுக்கோங்களேன். நேரம் இருக்கு, சொல்றேன்.

நான் ஒரு லேப்ல இருந்தேங்க. பறவைங்களோட ரத்தத்தைப் படிக்கிற வேலை. ரத்தத்தைப் படிக்கறதுன்னா, இது யாரு பிள்ளை, யாருக்கு யாரு சொந்தம், எவ்வளவு நெருக்கம்னு கண்டுபிடிக்கறது. மரபணுன்னு பேப்பர்ல போடுவாங்களே, அது. கொண்டைக் கழுகுன்னு ஒரு ஜாதி. தலையில ரெண்டு மூணு இறகு தூக்கிக்கிட்டு நிக்கும், தூங்கி எழுந்து தலை சீவாத மாதிரி. பெரிய காடா இருந்தாத்தான் வாழும். முந்தி வடக்கு மலையிலேர்ந்து தெற்கு மலை வரைக்கும் ஒரே காடு. வடக்குல பொறந்தது தெற்குல போயி ஜோடி சேரும், தெற்குல பொறந்தது வடக்குல போகும். அப்புறம் நடுவுல ரோடு வந்துச்சு, ஃபேக்டரி வந்துச்சு, கரண்டுக் கம்பி வந்துச்சு. இப்பவும் வயசுப் பறவைங்க கிளம்பிப் பாக்கும். கம்பியில உக்காந்து கருகிடும். அவ்வளவுதான், போக்குவரத்து நின்னுபோச்சு.

தெற்கு மலையில கொஞ்சம் பறவைங்க மிச்சம். தூரத்துலேர்ந்து பாக்கறவங்க பரவாயில்லையே, இத்தனை இருக்கேம்பாங்க. ரத்தத்தைப் பாத்தாத்தான் தெரியும், எல்லாம் ஒரே வீட்டு ஆளுங்க. அண்ணன் தங்கச்சி, சித்தப்பன் மக, அப்படி. அதனால என்னவா? ஒரு தெருவுல எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டு, ஒரே சாவின்னு வெச்சுக்கோங்க. ஒரு திருடன் ஒரு வீட்டைத் திறந்துட்டான்னா மொத்தத் தெருவும் போச்சுல்ல. ஒரு நோய் வந்தா அந்தக் கதைதான். நோய் வரதுக்கு முன்னாடியே முட்டை கூமுட்டையாப் போகும். பொரிச்சாலும் அலகு கோணலா இருக்கும், கால் விரல் சுருண்டிருக்கும். பறவை இருக்கும், வம்சம் இருக்காது.

தெற்கு மலை அடிவாரத்துல ஒரு வளர்ப்பு சென்டர் இருந்துச்சு. அடிபட்ட கழுகைக் காப்பாத்தறது, ஜோடி சேக்கறது, குஞ்சைப் பெருசாக்கி மலையில விடறது, இதெல்லாம் அங்கதான். அதுக்குத் தலைமை என் அக்கா. கூடப்பிறந்த அக்காதாங்க.

அப்பா சீக்கிரமே போயிட்டாரு. அம்மா காலையில வேலைக்குக் கிளம்பினா இருட்டினப்புறம்தான் வருவாங்க. எனக்கு ஜடை பின்னினது, கணக்கு சொல்லிக் குடுத்தது, பெரியவளானப்ப விஷயத்தைப் பயமில்லாம சொன்னது, எல்லாம் அவதான். அவ மிருக டாக்டருக்குப் படிச்சா, நானும் அந்தப் பக்கமே படிச்சேன். அவ கழுகுன்னா நானும் கழுகு. என் அம்மா சொல்லுவாங்க, இவளுக்குன்னு ஒரு புத்தி கிடையாது, அக்கா முதுகைப் பாத்துக்கிட்டே நடப்பான்னு. எனக்கு அதுல ஒரு குறையும் தெரியல. சென்டர்லேர்ந்து ஐஸ் பெட்டியில ரத்தம் பஸ்ஸுல வரும். நான் பாத்து சொல்லுவேன். அவ போன்ல, என்னடி சொல்லுது உன் டியூபும்பா. அதான் எங்க பேச்சு. பொடவை, நகை, கல்யாணம் ஒண்ணும் கிடையாது.

தெற்கு மலைக்குப் புது ரத்தம் வேணும்னு கண்டுபிடிச்சு சொன்னது நான். அதை எங்கேர்ந்து எப்படிக் கொண்டு வரதுன்னு யோசிச்சது அவ. இந்தக் கழுகு ரெண்டு முட்டை போடும். முதல்ல பொரிக்கிற குஞ்சு, ரெண்டாவது பொரிக்கிறதைக் கொத்திக் கொத்திக் கொன்னுடும். ஆமாங்க, அம்மாக்காரி பக்கத்துலதான் நிக்கும். பாத்துக்கிட்டே நிக்கும், தடுக்காது. அதனால வடக்கு மலைக் கூட்டுலேர்ந்து அந்த ரெண்டாவது முட்டையை எடுத்துக்கிட்டா யாருக்கும் நஷ்டம் இல்ல. எப்படியும் சாகப் போற உசுரு. கொண்டு வந்து பொரிக்க வெச்சு, வளத்து, தெற்கு மலைப் பையன் ஒருத்தனுக்கு ஜோடியா விட்டுட்டா, அடுத்த தலைமுறையிலேயே ரத்தம் மாற ஆரம்பிக்கும்.

நீங்க சிரிக்கறது புரியுது. பெரியது சின்னதைக் கொத்தற கதையைச் சொல்லிட்டு அக்கா தங்கச்சின்னு பேசறேனேன்னு. பறவைக்கு அது கெட்ட எண்ணம் இல்லைங்க. அதுக்கு வேற வழி தெரியாது.

அனுமதி வாங்கவே வருஷக்கணக்காச்சு. அப்புறம் அக்கா வடக்கு மலைக்குப் போனா. கூட கயித்துக்காரர் போனாரு. உயரமான மரத்துல கயிறு கட்டி ஏறறதுக்குன்னு ஒருத்தர் இருந்தாரு, எல்லாரும் கயித்துக்காரர்னுதான் கூப்பிடுவோம். மேலேர்ந்து முட்டையை இடுப்புல கட்டின பைக்குள்ள வெச்சு இறக்கினாராம். சூடு குறையாத சின்னப் பெட்டிக்குள்ள வெச்சு, ஜீப்புல ஒரு நாள் முழுக்க மெதுவா ஓட்டிக்கிட்டு வரணும். மலையிலேர்ந்தே எனக்குப் போன். கிடைச்சுடுச்சுடின்னா. அவ்வளவுதான் சொன்னா.

சென்டர்ல அந்த வாரம் மூணு முட்டை பொரிஞ்சுது. ரெண்டு தெற்கு மலை ஜோடியோடது, ஒண்ணு வடக்கு மலையிலேர்ந்து வந்தது. மூணும் ஒரே பெட்டியில பொரிஞ்சுது, குஞ்சு பஞ்சு உருண்டை மாதிரி, எது எதுன்னு தெரியாது. மூணுக்கும் ரத்தம் எடுத்து அக்கா அனுப்பினா. எது வடக்குன்னு ரத்தம்தான் சொல்லணும், அதாவது நான்தான் சொல்லணும். எனக்கு அப்ப நல்ல காய்ச்சல். லீவு போடாம போயி உக்காந்து பாத்தேன். ரெண்டு டியூப் நமக்குத் தெரிஞ்ச பழைய ரத்தம். மூணாவது டியூபைப் பாத்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. தெற்கு மலையில இல்லாததெல்லாம் அதுல இருந்துச்சு. ஒரே பாட்டை வருஷம் பூரா கேட்டவளுக்கு வேற பாட்டு கேட்டா எப்படி இருக்கும், அப்படி. பொட்டைக் குஞ்சு. போன் பண்ணி, மூணாவதுதான் அக்கா, மூணாவதுதான் நம்ம ஆளுன்னு சொன்னேன். அந்தப் பக்கம் அவ அழுதா. சந்தோஷத்துல அழறான்னு நெனச்சேன்.

சென்டர்ல அதுக்கு மருமகள்னு பேரு வெச்சாங்க. வெளியிலேர்ந்து வந்து நம்ம வீட்டை விளங்க வைக்கப் போறவளாச்சே. பேப்பர்ல போட்டோ வந்துச்சு. வேற ஊர்லேர்ந்தெல்லாம் வந்து கேட்டாங்க, எப்படிச் செஞ்சீங்கன்னு. நானும் அக்காவும் சேந்து அதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினோம், ரெண்டு பேர் பேரும் பக்கத்துல பக்கத்துல. அம்மா அதை வெட்டி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வெச்சாங்க, படிக்கத் தெரியாட்டியும்.

இந்தக் கழுகு வயசுக்கு வர அஞ்சு வருஷம் ஆகும். அதுக்குள்ள இன்னும் ரெண்டு முட்டை கொண்டு வரலாமேன்னு நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். ஒரு மருமக போதாதுக்கா, வம்சம் முழுக்க ஒருத்தி மேலயே நிக்கும்னு. அவ ஒவ்வொரு தடவையும் தட்டிக் கழிச்சா. இது முதல்ல நல்லா வரட்டும்டி, அவசரப்படாதேன்னா. அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். அந்தக் காலத்துக்குள்ள வடக்கு மலையில ஒரு கோடையில தீ பிடிச்சு ஒரு பள்ளத்தாக்கே போச்சு. அந்தக் கூடு இருந்த மரமும் போச்சு.

மருமகளை மலையில விட்டாச்சு. ஒரு பையனோட ஜோடியும் சேந்துச்சு. முதல் வருஷம் முட்டை கூமுட்டை. புது ஜோடிக்கு அப்படித்தான் ஆகும்னு சமாதானம் சொல்லிக்கிட்டோம். அடுத்த வருஷம் ஒரு குஞ்சு. காத்துல கூட்டுலேர்ந்து விழுந்துடுச்சுன்னு சேதி வந்தப்ப நான் தற்செயலா சென்டர்ல இருந்தேன். நான்தான் ஓடிப் போயி எடுத்தேன். கையில எடுத்ததுமே பாத்தேன், விரலெல்லாம் சுருண்டு கிடந்துச்சு. ஒரு கிளையையும் பிடிச்சிருக்க முடியாது அது. பழைய வியாதி. வரக் கூடாத வியாதி. என் கையிலேயே செத்துச்சு. நானே ரத்தம் எடுத்தேன், நானே கொண்டு போனேன்.

அம்மாகிட்டேர்ந்து பாதி வந்தாகணுங்க. அது மாறவே மாறாது. அந்தக் குஞ்சுகிட்ட வடக்கு மலை பாதி இல்ல, ஒரு துளி கூட இல்ல. திரும்பத் திரும்பப் பாத்தேன். அதே தெற்கு மலை, அதே பழைய பாட்டு. அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் ஒரே ஜோடிக்குப் பொறந்தவங்கன்னு வந்துச்சு. மருமகள்னு நாங்க கொண்டாடினவ மருமக இல்ல. அந்த வீட்டுப் பொண்ணு. கூடப்பிறந்தவனுக்கே ஜோடியா விட்டிருக்கோம்.

யாரைச் சந்தேகப்படுவீங்க? என்னைத்தான். மூணு டியூப் வந்துச்சு, எது எதுன்னு சொன்னது நான்தானே. மேசை மேல மாத்தி வெச்சிருக்கணும். அப்ப நெசமான வடக்கு மலைக் குஞ்சு எது? மிச்சம் ரெண்டுல ஒண்ணு. அதுல ஒண்ணு சின்ன வயசுலேயே சளி பிடிச்சுச் செத்துச்சு, எரிச்சாச்சு. இன்னொண்ணை விட்டப்புறம் பாத்தவங்களே இல்ல. தேடித் தேடிக் கிடைச்ச பொக்கிஷத்தை நான் கை தவறிப் போட்டுட்டேன்னு நெனச்சேன்.

அக்காகிட்ட போனேன். அவ வீட்டுச் சமையல்கட்டுல நின்னுக்கிட்டிருந்தா. நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள அழுதுட்டேன். அவ அடுப்பை அணைச்சா. என்னை உக்கார வெச்சு, தலையைத் தடவிக் குடுத்தா. கையில காபியைக் குடுத்து, குடிடி முதல்லன்னா. அப்புறம் சொன்னா, மனுஷங்கதானேடி, தப்பு நடக்கும். உனக்கு அந்த வாரம் காய்ச்சல் வேற, ஞாபகம் இருக்கா, நிக்க முடியாம நின்னுக்கிட்டு பாத்தியேன்னா.

ஞாபகம் இருந்துச்சுங்க. அவ சொன்னதும் நல்லாவே ஞாபகம் வந்துச்சு. டியூபை மாத்தி வெச்சது கூட ஞாபகம் வர மாதிரி இருந்துச்சு.

பெரிய கூட்டம் போட்டாங்க. எங்க எல்லாருக்கும் மேல இருந்த இயக்குநர், வெளியூர் ஆளுங்க, எல்லாரும் இருந்தாங்க. நான் எழுந்து நின்னு, தப்பு என்னோடது, சென்டர்ல யாருக்கும் சம்பந்தம் இல்லன்னு சொன்னேன். அக்கா முன் வரிசையில உக்காந்திருந்தா. மேசையைப் பாத்துக்கிட்டிருந்தா. எனக்காக வருத்தப்படறா, பாக்கக் கூட முடியலன்னு நெனச்சு எனக்கு இன்னும் வேதனையாப் போச்சு. லேப்ல என்னை வெச்சுக்கல. வேற எந்தப் பறவை லேப்லயும் சேக்கல. சின்ன உலகம் அது, எங்க போனாலும் டியூபை மாத்தின பொண்ணு நீதானாம்பாங்க. கடைசியில ஒரு பால் கம்பெனி லேப்ல சேந்தேன். இப்பவும் அங்கதான். மாட்டு ரத்தம், பால்ல தண்ணி, இதான் வேலை. குறை சொல்ல மாட்டேன், மாடு அமைதியான பிராணி.

அங்கதான் ஒரு நாள் மதியம் கயித்துக்காரர் வந்து நின்னாரு. முட்டி போயிட்டதால மரம் ஏறறதை விட்டுட்டு ரெண்டு மாடு வெச்சிருக்காராம். மாட்டுக்கு ஏதோ காய்ச்சல்னு ரத்தம் கொண்டு வந்திருந்தாரு. என்னைப் பாத்ததும் அவ்வளவு சந்தோஷம். பழைய கதையெல்லாம் பேசினோம். பேச்சுவாக்குல நான் சொன்னேன், அவ்வளவு கஷ்டப்பட்டு நீங்க இறக்கின முட்டையை நான் வீணாக்கிட்டேங்கன்னு. அவரு என்னை ஒரு மாதிரி பாத்தாரு. எந்த முட்டைம்மான்னாரு. வடக்கு மலை முட்டைதான்னேன். அதுக்கு அவரு, அது வழியிலேயே போயிடுச்சேம்மா, பெட்டி நின்னு போயி முட்டை ஜில்லுன்னு ஆயிடுச்சு, டாக்டரம்மா உள்ள உசுரு இருக்கான்னு லைட்டுல வெச்சுப் பாத்துட்டு ரோட்டோரமா உக்காந்துட்டாங்க, நான்தான் புளிய மரத்தடியில குழி தோண்டினேன், அப்புறம் வேற முட்டை எடுத்தாங்கன்னுல்ல நெனச்சேன், பேப்பர்ல படம் பாத்தேனேன்னாரு.

அவரு, உங்களுக்குத் தெரியாதாம்மா, நீங்க அவங்க தங்கச்சியாச்சேன்னாரு.

மாட்டு ரத்தத்தை வாங்கி வெச்சுட்டு அவரை அனுப்பினேன். அப்புறம் பாத்ரூம்ல போயி குழாயைத் திறந்து விட்டுட்டு நின்னேன். எல்லாம் ஒண்ணொண்ணா வந்து உக்காந்துச்சு. வடக்கு மலை முட்டை பொரியவே இல்ல. அப்ப எனக்கு வந்த மூணாவது டியூப்? அது முந்தின வருஷம் அவ வடக்கு மலையில வேற கூட்டுல எடுத்த ரத்தமாத்தான் இருக்கணும். எனக்கு அனுப்பாம ஃப்ரீசர்ல வெச்சிருந்தது. தெற்கு மலை முட்டை ஒண்ணைத் தூக்கி வடக்கு மலைன்னு வெச்சுட்டு, என்னை ஏமாத்தறதுக்குன்னே அந்த டியூபை அனுப்பியிருக்கா. ஊரை ஏமாத்தணும்னா ஒரு முட்டை போதும். டியூப் எனக்காகன்னே அனுப்பினது. ஏன்னா என் கண்ணுக்குத் தப்பாதுன்னு அவளுக்குத் தெரியும்.

அதைக் கூட விடுங்க. பயத்துல பண்ணிட்டான்னு வெச்சுக்கலாம். அந்தக் காபி இருக்கு பாருங்க. நான் செய்யாத தப்புக்கு எனக்குச் சமாதானம் சொல்லி, தலையைத் தடவி, காய்ச்சல்னு காரணமும் எடுத்துக் குடுத்தாளே. அதைத்தாங்க என்னால தாண்ட முடியல.

மறுநாளே சென்டருக்குப் போனேன். அக்கா குஞ்சு ரூம்ல இருந்தா. அங்க ஒரு வழக்கம் உண்டு. குஞ்சு மனுஷ முகத்தைப் பாக்கக் கூடாது, மனுஷக் குரலைக் கேக்கக் கூடாது, கேட்டா நம்மளை அம்மான்னு நெனச்சுடும், அப்புறம் காட்டுல வாழாது. அதனால ஒரு திரைக்குப் பின்னாடி உக்காந்து, துணியில தச்ச கழுகுத் தலையைக் கையில மாட்டிக்கிட்டு ஓட்டை வழியா இரை ஊட்டணும். அக்கா ஊட்டிக்கிட்டிருந்தா. பாதியில எழுந்து வர முடியாது. நான் அவ பக்கத்துல உக்காந்து காதுல சொன்னேன், கயித்துக்காரரைப் பாத்தேன்னு. அவளுக்குப் புரிஞ்சு போச்சு. கை மட்டும் நிக்கல. கறித் துண்டை எடுத்து நீட்டிக்கிட்டே இருந்துச்சு.

எங்க வாழ்க்கையிலேயே பெரிய சண்டை, ஆனா கிசுகிசுன்னு. கத்த முடியாதே, குஞ்சுக்குக் கேட்டுடும்.

ஏன்க்கான்னு கேட்டேன். முட்டை போச்சுன்னு சொல்லியிருந்தா சென்டரை மூடியிருப்பாங்கடி, அதுக்குள்ள அத்தனை பறவை இருந்துச்சுன்னா. அடுத்த வருஷம் சத்தமில்லாம இன்னொரு முட்டை கொண்டு வந்து சரி பண்ணிடலாம்னு பாத்தேன், எப்படிக் கேக்கறது, ஒண்ணு நல்லா இருக்கறப்ப எதுக்கு இன்னொண்ணும்பாங்கன்னு பயந்தேன், அப்புறம் தீ வந்துடுச்சுன்னா. சரி, நான் கேட்டேனேக்கா, நான் கேட்டப்பவாவது ஆமாம்னு சொல்லியிருக்கலாமேன்னேன். அவ அடுத்த கறித் துண்டை எடுத்தா. அப்ப நான் எழுந்து நின்னு பழியை ஏத்துக்கிட்டேனே, அன்னிக்கு உனக்கு வாயில்லையான்னேன். அதுக்கு அவ என்னைத் திரும்பிப் பாத்தா. கையில அந்தக் கழுகுத் தலையோடதான். உனக்கு வேற வேலை கிடைக்கும்டி, அதுங்களுக்கு வேற மலை கிடைக்காதுன்னா.

நான் எழுந்துட்டேன். கதவு கிட்ட போனப்ப இன்னொண்ணு சொன்னா. வேற யாராவது இருந்திருந்தா நான் அப்படி விட்டிருக்க மாட்டேன், நீன்னுதான், நீ தாங்கிப்பேன்னுதான்னா. அதை அவ அன்பாச் சொன்னா. அதுதான் கொடுமை. நெசமாவே அன்பாச் சொன்னா.

இல்ல, நான் தாங்கிக்கல. இயக்குநர்கிட்ட போயிச் சொன்னேன். ஆமாங்க, நானேதான். மருமகளோட உதிர்ந்த இறகு ஒண்ணை எடுத்துக்கிட்டு வரச் சொல்லிப் பாத்தாங்க, நான் சொன்னது அப்படியே இருந்துச்சு. அக்காவை வேலையை விட்டு அனுப்பினாங்க. சென்டரை மூடவே இல்ல. வேடிக்கையைப் பாருங்க, எதுக்குப் பயந்து அத்தனையும் பண்ணினாளோ அது நடக்கவே இல்ல. புதுசா வந்தவங்க வடக்கு மலையில மிச்சமிருந்ததுலேர்ந்து ரெண்டு வயசுப் பறவையைக் கொண்டு வந்து தெற்குல விட்டாங்க. ஒண்ணு செத்துச்சு. ஒண்ணு ஜோடி சேந்து, போன வருஷம் குஞ்சு பறந்துச்சு. விரல் நேரா இருக்காம். அந்த ரத்தத்தை யாரோ ஒரு சின்னப் பொண்ணு பாத்தா, நான் பாக்கல. லேப்ல திரும்பக் கூப்பிட்டாங்க, போகல. போனா ஒவ்வொரு டியூபையும் இதை யாரு அனுப்பினது, நெசந்தானான்னு பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். மாட்டுகிட்ட அந்தத் தொல்லை இல்ல.

அம்மாவா? அம்மா என்கூடப் பேசறதை விட்டுட்டாங்க. போயும் போயும் பறவைக்காகக் கூடப்பிறந்தவளைக் காட்டிக் குடுத்துட்டியேடின்னாங்க. அவ என்னைக் காட்டிக் குடுத்தது அம்மாவுக்குக் கணக்கில்ல. அவ வாயைத் திறக்காம செஞ்சா, நான் வாயைத் திறந்து செஞ்சேன், அவ்வளவுதான் வித்தியாசம் அம்மாவுக்கு. ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருந்ததையும் கிழிச்சுட்டாங்களாம்.

நான் வீட்டுக்குப் போறதில்ல. அவளைப் பாத்து பல வருஷம் ஆச்சு. நடுவுல நல்லது கெட்டது ஒண்ணுக்கும் போகல. ஆமா, மனசு கல்லுதான். நீங்க சொல்லலன்னாலும் எனக்குத் தெரியும்.

ம்? ஆமாம்மா, நான்தான். ரூம் ரெடியா? ரெண்டு நிமிஷம், இதோ வந்துட்டேன். இவங்ககிட்ட சொல்லிட்டு வரேன்.

இல்லைங்க, எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னேன்ல, பயப்படாதீங்க. குடுக்கறதுக்கு வந்திருக்கேன். இன்னிக்கு அட்மிஷன், நாளைக்குக் காலையில இடுப்பெலும்புலேர்ந்து எடுப்பாங்க. மயக்கம் குடுத்துத்தான், வலிக்காதாம். அக்காவுக்குத்தான். மேல மாடியில இருக்கா, யாரும் உள்ள போக முடியாத ரூம்ல. எலும்புக்குள்ள ரத்தம் ஊறறது நின்னு போச்சு அவளுக்கு. வேற ஒருத்தர் எலும்புலேர்ந்து எடுத்து வெச்சாத்தான் பொழைப்பாளாம். அம்மாதான் போன் பண்ணினாங்க. என்னடி எப்படி இருக்கேன்னு கூட கேக்கல, உன் ரத்தத்தைக் கொஞ்சம் பாக்கணுமாம்னாங்க.

பாத்தாங்க. அப்படியே பொருந்துதுங்க, ஒரு இடத்துல கூட மாத்தம் இல்ல. கூடப்பிறந்தவங்கள்ல கூட நாலுல ஒருத்தருக்குத்தான் அப்படி அமையுமாம். அந்த டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிடுச்சு. வேலை பாத்த காலம் பூரா பொருந்தாத ரத்தம் எங்க கிடைக்கும்னு தேடினவ நான். ரெண்டு பேருக்கு இப்படி ஒரே மாதிரி வந்துட்டா ஐயையோன்னு தலையில கை வெப்பேன்.

மன்னிச்சுட்டேனான்னா, இல்லைங்க. பொய் சொல்ல மாட்டேன். இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அவ செத்துப் போகணும்னு நான் எப்பவும் நெனச்சதில்ல, அவ்வளவுதான். இனிமே அவ உடம்புல ஓடப் போறது என் ரத்தம். எந்த லேப்ல பாத்தாலும் என்னைத்தான் காட்டும், ஆயுசு பூரா. அது அவளுக்குத் தெரிய வேண்டாம்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டேன். குடுக்கறவங்க வேண்டாம்னா நாங்க பேரு சொல்ல மாட்டோம்னு அவரு ஒத்துக்கிட்டாரு.

வரேங்க. உங்க வீட்டுக்காரரு நல்லபடியா வெளியில வந்துடுவாரு, கவலைப்படாதீங்க. குடுக்கறவங்க பேரு தெரியாட்டி அக்கா விட மாட்டாளேன்னு அம்மாதான் தவிச்சாங்க. கடைசியில அவங்களே ஒண்ணு சொல்லிட்டாங்க. வடக்கே ஏதோ ஊராம், யாரோ முகந்தெரியாதவங்க குடுக்கறாங்களாம்னு. நம்பிட்டாளாம்.